மாதா படங்களில் கைகள் சொல்வது என்ன?

சகாய மாதா படம் இல்லாத தமிழ்க் கத்தோலிக்க வீட்டைப் பார்ப்பது கடினம். பொன்னிறப் பின்னணி, கருநீல முக்காடு, நெற்றிக்கு மேலே ஒரு நட்சத்திரம், இடது கையில் குழந்தை இயேசு. புதன்கிழமை நவநாளுக்குப் போகிறவர்களுக்கு மனப்பாடமான முகம் அது. பழகிய படம் என்பதாலேயே நாம் அதை உற்றுப் பார்ப்பதில்லை.

இன்று ஒருமுறை குழந்தையின் கால்களிலிருந்து தொடங்கிப் பாருங்கள். வலது காலில் செருப்பு கழன்று, ஒற்றை வாரில் தொங்குகிறது. குழந்தையின் முகம் தாயின் பக்கம் இல்லை. தலையைத் திருப்பி எதையோ பார்க்கிறது. அந்தப் பக்கம் கபிரியேல் தூதர் சிலுவையையும் ஆணிகளையும் ஏந்தி நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் மிக்கேல் தூதர், ஈட்டியும் கடற்பஞ்சும் வைத்திருக்கிறார். பிற்காலத்தில் தனக்கு நேரப்போவதைக் குழந்தை இப்போதே கண்டு பயந்துவிட்டது. அம்மாவிடம் ஓடிவந்த வேகத்தில் செருப்பு கழன்றுவிட்டது என்றுதான் இதற்கு வழிவழியாக விளக்கம் சொல்வார்கள். அப்புறம் கைகள். குழந்தை தன் இரண்டு கைகளாலும் அம்மாவின் வலது கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அம்மாவோ அந்தக் கைகளை இறுக்கி மூடவில்லை. அவருடைய நீண்ட விரல்கள் விரிந்தபடி குழந்தையைக் காட்டுகின்றன. கண்கள் மட்டும் நம்மைப் பார்க்கின்றன.

கிரேத்தா தீவின் ஓவியர் மரபைச் சேர்ந்த படம் இது. மூலப்படம் ரோமில் புனித அல்போன்ஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1866இல் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் அதை இரட்சகர் சபைத் துறவிகளிடம் ஒப்படைத்தார். அவர்கள் போன நாடெங்கும் பிரதிகளும் போயின.

மாதா பக்தியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தக் கைகளே நல்ல வழி என்று நான் நம்புகிறேன். எந்த மாதா படமானாலும், சுரூபமானாலும் (சிலையானாலும்), முதலில் முகத்தைப் பார்க்காமல் கைகளைப் பாருங்கள். அந்தக் காலத்து மக்கள் அவரிடம் எதைத் தேடிப் போனார்கள் என்பது அங்கே தெரிந்துவிடும்.

சரி, தொடக்கத்துக்குப் போவோம். நற்செய்தி நூல்களில் மரியா அதிகம் பேசுவதில்லை. நான்கே சந்தர்ப்பங்களில்தான் அவர் குரல் கேட்கிறது: கபிரியேல் தூதரிடம், உறவினர் எலிசபெத்தின் வீட்டில், பன்னிரண்டு வயது மகனைக் கோயிலில் கண்டுபிடித்தபோது, கடைசியாகக் கானாவூர்க் கல்யாண வீட்டில். அந்தக் கல்யாணத்தில் திராட்சை இரசம் தீர்ந்துபோனதும் பணியாளர்களிடம் அவர் சொன்னது, “அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்” என்பதுதான். பிறகு சிலுவையடியில் நிற்கிறார், பேசவில்லை. அவருடைய பெற்றோர் சுவக்கின், அன்னம்மாள் என்ற பெயர்களெல்லாம் விவிலியத்தில் கிடையாது. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட, விவிலியத்தில் சேராத ஒரு நூலிலிருந்து வந்தவை அவை. ஆக, மரியாவைப் பற்றி எழுத்தில் இருப்பது கொஞ்சம். மக்கள் மனத்தில் வளர்ந்தது அதைவிடப் பல மடங்கு.

ரோமில் சலாரியா சாலையோரம் பிரிசில்லா என்ற பெயரில் ஒரு நிலத்தடிக் கல்லறைத் தொகுதி உண்டு. அங்கே விதானச் சுதையில், குழந்தையை நெஞ்சோடு சேர்த்து அணைத்திருக்கும் ஒரு பெண்ணின் ஓவியம் மங்கலாகத் தெரிகிறது. பக்கத்தில் ஒருவர் மேலே உள்ள நட்சத்திரத்தைச் சுட்டிக்காட்டுகிறார். மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் இதைத்தான், இன்று எஞ்சியுள்ள மாதா ஓவியங்களில் மிகப் பழையது என்று பலரும் சொல்கிறார்கள். அரியணை இல்லை, கிரீடம் இல்லை. அரசு துன்புறுத்திய காலத்தில் வாழ்ந்த சிறு கூட்டம், தன் இறந்தவர்களின் பக்கத்தில் ஒரு தாயையும் பிள்ளையையும் வரைந்து வைத்தது. அவ்வளவுதான்.

ஏறக்குறைய அந்தக் காலத்து மன்றாட்டு ஒன்றும் கிடைத்திருக்கிறது. எகிப்தில் கண்டெடுத்த ஒரு பாப்பிரஸ் துண்டில் கிரேக்க மொழியில் எழுதியிருக்கிறது. அது மூன்றாம் நூற்றாண்டுடையதா, பிந்தியதா என்பதில் அறிஞர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. ஆனால் அதில் உள்ள செபம் நம்மூர்ப் பாட்டிகளுக்குத் தெரியும். “சர்வேசுரனுடைய பரிசுத்த மாதாவே, இதோ உம்முடைய சரணமாக ஓடிவந்தோம்” என்று செபமாலை முடிவில் சொல்கிறோமே, அதேதான். நைல் நதிக்கரையில் யாரோ எழுதி வைத்த வரிகள் இத்தனை நூற்றாண்டு கடந்து தமிழ் வீடுகளின் மாலைச் செபத்தில் ஒலிக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மக்கள் ஏற்கெனவே செபத்தில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் பிறகு சங்கங்கள், அதாவது திருச்சபை ஆயர்கள் கூடும் மன்றங்கள், விவாதித்தன. கான்ஸ்டாண்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்) ஆயர் நெஸ்தோரியஸ், மரியாவை ‘கிறிஸ்துவின் தாய்’ என்று அழைத்தால் போதும், ‘இறைவனின் தாய்’ என்பது மிகை என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் இதைக் கடுமையாக எதிர்த்தார். கேட்பதற்கு மரியாவைப் பற்றிய சண்டை போலத் தோன்றும். உண்மையில் அது இயேசுவைப் பற்றிய சண்டை. பிறந்த குழந்தை கடவுளும் மனிதரும் ஒன்றாய் இருக்கும் ஒரே ஆள் என்றால், அவரைப் பெற்றவர் இறைவனின் தாய்தானே என்பது சிரில் தரப்பின் வாதம். 431இல் எபேசு நகரில் கூடிய சங்கம் இதை ஏற்றது. மாதாவுக்குத் தரும் ஒவ்வொரு பட்டமும் மகனைப் பற்றிய ஒரு நம்பிக்கையிலிருந்து வருவதுதான். இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதி வரலாறு புரிந்த மாதிரி.

அடுத்த சில ஆண்டுகளிலேயே ரோமில் திருத்தந்தை மூன்றாம் சிக்ஸ்துஸ், மரியாவின் பெயரில் ஒரு பேராலயத்தை எழுப்பி, பெரிய வளைவில் கிறிஸ்து பிறப்புக் காட்சிகளை மொசைக்கில் பதித்தார். அங்கே மரியா ஓர் அரச குலப் பெண்ணைப் போல உடுத்தியிருக்கிறார். அந்த ஆலயத்துக்கு ஒரு மரபுக் கதை உண்டு: கொளுத்தும் ஆகஸ்ட் மாதத்தில் எஸ்குயிலின் குன்றில் பனி பெய்து, கோயில் எங்கே கட்ட வேண்டும் என்று காட்டியதாம். தூத்துக்குடி பனிமய மாதாவின் திருவிழா ஆகஸ்ட் 5இல் வருவது இதனால்தான். பனியே பார்க்காத முத்துக்குளித்துறைக்கு இந்தப் பெயர் வந்த வழி அது.

கிழக்கே, கான்ஸ்டாண்டினோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியப் பேரரசில், கை ஓர் இலக்கணமாகவே ஆனது. குழந்தையை இடது கையில் ஏந்தி, வலது கையால் அவரைச் சுட்டும் மாதா ‘வழிகாட்டும் அன்னை’. கானாவூரில் சொன்ன சொல்லை அப்படியே வண்ணத்தில் தீட்டியதுபோல இருக்கும். இந்த வகையின் புகழ்பெற்ற மூலப்படம் கான்ஸ்டாண்டினோபிளில் இருந்தது, 1453இல் நகரம் வீழ்ந்தபோது அழிந்தது. நற்செய்தியாளர் லூக்காவே அதைத் தீட்டினார் என்பது மரபு. மரியாவைப் பற்றி அதிகம் சொல்வது லூக்காவின் நற்செய்தி. எழுத்தில் தீட்டியவர் தூரிகையாலும் தீட்டியிருப்பார் என்று மக்கள் நம்பினார்கள். ஐரோப்பிய நகரங்களில் ஓவியர் சங்கங்கள் புனித லூக்காவின் பெயரில் இயங்கியதும் இந்த நம்பிக்கையால்தான்.

கைகள் இரண்டையும் உயர்த்தி விரித்து நிற்கும் மாதாவும் உண்டு. அது பண்டைக்காலத்துச் செப நிலை. கன்னத்தோடு கன்னம் சேர்த்த மாதா இன்னொரு வகை. அதில் எல்லோருக்கும் தெரிந்தது விளாதிமிர் மாதா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் தீட்டப்பட்டுக் கீவ் நகருக்குப் போய், அங்கிருந்து 1155இல் விளாதிமிர் நகருக்கும் பிறகு மாஸ்கோவுக்கும் போன படம். பலமுறை பழுதுபார்த்ததில் உடைகளெல்லாம் மாறிவிட்டன, இரண்டு முகங்கள் மட்டும் மூலத்தில் உள்ளபடியே தங்கின. குழந்தையின் கை அம்மாவின் கழுத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து எட்டிப் பார்க்கிறது. அம்மாவின் கண்களில் இருக்கும் துயரத்துக்கு ஈடாக வேறொரு படத்தை என்னால் சொல்ல முடியவில்லை.

இந்தப் படங்களுக்கே ஆபத்து வந்த காலமும் உண்டு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் பைசாந்தியப் பேரரசர்கள் சிலர் திருவுருவங்களைத் தடைசெய்தார்கள். மொசைக்குகள் செதுக்கி எடுக்கப்பட்டன, மரப்படங்கள் எரிக்கப்பட்டன. படத்துக்குச் செய்யும் மரியாதை படத்தில் இருப்பவருக்கே போய்ச் சேருகிறது, மரத்துக்கும் வண்ணத்துக்கும் அல்ல என்று தமஸ்கு நகர யோவான் வாதாடினார். 787இல் நிக்கேயாவில் கூடிய சங்கம் படங்களை அனுமதித்தது. மீண்டும் தடை வந்து, 843இல் நிரந்தரமாக நீங்கியது. 867இல் ஹாகியா சோபியா ஆலயத்தின் பின்வளைவில் மடியில் குழந்தையோடு அமர்ந்த மாதாவின் மொசைக் திறந்துவைக்கப்பட்டது. இஸ்தான்புல்லில் அது இன்னும் இருக்கிறது. ஆராதனை இறைவனுக்கு மட்டும், புனிதர்களுக்கு வணக்கம், மாதாவுக்கு அதில் உயர்ந்த வணக்கம் என்று கத்தோலிக்கர் இன்றும் பிரித்துச் சொல்வதன் வேர்கள் இந்தச் சண்டையில் இருக்கின்றன.

மேற்கே வந்தால் இத்தாலியில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். 1311 ஜூன் 9 அன்று சியென்னா நகரமே கடைகளை மூடிக்கொண்டு தெருவில் இறங்கியது. துச்சோ என்ற ஓவியர் தீட்டிய மாபெரும் மாதா படத்தைப் பட்டறையிலிருந்து பேராலயத்துக்குப் பவனியாகத் தூக்கிப் போனார்கள். மணிகள் ஒலித்தன, மக்கள் மெழுகுவத்தி ஏந்தி நடந்தார்கள். மாதாவின் அரியணையடியில் துச்சோ ஒரு வேண்டுதலை எழுதியிருந்தார்: சியென்னாவுக்கு அமைதி தாரும், உம்மை இப்படித் தீட்டிய துச்சோவுக்கு வாழ்வு தாரும்.

பிளாரன்சில் உஃபீசி அருங்காட்சியகத்தில் ஒரே அறையில் மூன்று பெரிய மாதா படங்கள் இருக்கின்றன. அவற்றில் சிமாபுயே தீட்டியதையும் ஜொத்தோ தீட்டியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைதான். சிமாபுயேவின் மாதா பைசாந்திய முறைப்படி வலது கையால் குழந்தையைச் சுட்டுகிறார். அங்கியின் மடிப்புகள் பொற்கோடுகளாக ஓடுகின்றன, உள்ளே உடம்பு இருப்பதே தெரியாது. ஜொத்தோவின் மாதாவுக்கு எடை இருக்கிறது. முழங்கால்கள் துணிக்குள் புடைத்துத் தெரிகின்றன. அந்த வலது கை இப்போது எதையும் சுட்டவில்லை, குழந்தையின் காலைப் பிடித்திருக்கிறது. எந்தத் தாயும் மடியில் இருக்கும் பிள்ளை சரிந்துவிடாமல் பிடிப்பாளே, அப்படி. பிரான்சிஸ்கு துறவிகள் இயேசுவின் மனிதத்தன்மையைத் தெருவெங்கும் போதித்த நூற்றாண்டுக்கு அடுத்து வந்த கை அது. மேற்கத்திய ஓவியம் திசை திரும்பிய இடத்தை ஒரே ஒரு கையில் காட்டச் சொன்னால், நான் இதைத்தான் காட்டுவேன்.

மாதாவின் நீல அங்கியைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. கிழக்கே மாதாவின் மேலாடை பெரும்பாலும் கருஞ்சிவப்பு. மேற்கே அது நீலமாகி நிலைத்தது. காரணத்தில் பாதி பக்தி, பாதி விலை. நல்ல நீலம் லாபிஸ் லசூலி என்ற கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல் இன்றைய ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலைகளில் வெட்டியெடுக்கப்பட்டுக் கடல் தாண்டி வர வேண்டும். வெறுமனே அரைத்தால் சாம்பல் நிறம்தான் மிஞ்சும். பொடியோடு மெழுகும் பிசினும் சேர்த்து மாவுபோல் உருட்டி, சில நாட்கள் ஊறவைத்து, காரநீருக்குள் வைத்துப் பிசைவார்கள். அப்போது நீலம் மட்டும் பிரிந்து அடியில் தங்கும். முதல் பிசைவில் வருவதுதான் உயர்ந்தது. தங்கத்தோடு போட்டி போடும் விலை. அதனால் எந்தத் தரத்து நீலம் பூச வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார்கள். ஓர் ஊர் தன்னிடமிருந்த மிக விலையுயர்ந்த நிறத்தை மாதாவுக்குப் போர்த்தியது.

அந்த அங்கியே அடைக்கலமாகவும் ஆனது. கொள்ளைநோயும் போரும் சூழ்ந்த காலங்களில், கைகளை அகல விரித்து அங்கிக்குள் ஊர் மக்களை நிறுத்தியிருக்கும் ‘இரக்கத்தின் அன்னை’ படங்கள் நிறைய வந்தன. சான்செபோல்க்ரோ ஊரில் பியேரோ தெல்லா பிரான்செஸ்கா தீட்டியதில், அங்கிக்குள் முழந்தாளிட்டவர்களில் ஒருவர் கறுப்பு முகமூடி அணிந்திருக்கிறார். முகத்தை மறைத்து அறப்பணி செய்த சகோதர சபையைச் சேர்ந்தவர்.

பிறகு, ஏந்திய மகனைச் சடலமாக மடியில் வாங்கும் கைகள். இந்த உருவம் 1300 வாக்கில் ஜெர்மானிய நிலத்தில், மரச்சிற்பங்களாகத் தோன்றியது. விவிலியத்தில் இந்தக் காட்சி இல்லை. வியாகுல மாதாவோடு சேர்ந்து அழ விரும்பியவர்கள் உருவாக்கியது. மைக்கேலாஞ்சலோ 1498இல் இதற்கு ஒப்பந்தம் போட்டபோது வயது 23. புனித பேதுரு பேராலயத்தில் உள்ள அந்தச் சலவைக்கல்லில் மாதாவின் வலது கையைக் கவனியுங்கள். மகனின் உடலை அவர் நேரடியாகத் தொடவில்லை, இடையில் ஒரு துணி இருக்கிறது. ஆனாலும் விரல்கள் அழுந்திய இடத்தில் தசை பிதுங்கியிருக்கிறது. இடது கை வெறுமையாக, உள்ளங்கை மேலே பார்க்க விரிந்திருக்கிறது. அழுகை முழுவதும் அந்த ஒரு கையில் இருக்கிறது, முகத்தில் இல்லை. 1972இல் ஒருவர் சுத்தியலால் தாக்கியதில் மாதாவின் கையும் மூக்கும் உடைந்தன. ஒட்டிச் சீர்செய்து, இப்போது கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள்.

பதினாறாம் நூற்றாண்டில் கிறிஸ்தவம் பிளந்தது. சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் மரியாவை வெறுத்தவர் இல்லை. எலிசபெத்தின் வீட்டில் மரியா பாடிய பாடலுக்கு 1521இல் உருக்கமான விளக்கம் எழுதியவர். ஆனால் கடவுளுக்கும் மனிதருக்கும் இடையில் இயேசு ஒருவரே நடுவர், மாதாவிடம் பரிந்துரை கேட்க வேண்டியதில்லை என்பது சீர்திருத்தக்காரர்களின் நிலை. சூரிச்சில் 1524இல் ஆலயங்களிலிருந்து உருவங்கள் அகற்றப்பட்டன. சீர்திருத்த வழிவந்த நம்மூர் சி.எஸ்.ஐ. ஆலயங்களில் மாதா சுரூபம் இல்லாததற்குப் பின்னால் இருப்பது இந்த வரலாறுதான். கத்தோலிக்கர் பக்கமோ பக்தியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ‘அருள் நிறைந்த மரியே’ செபம் இன்றைய முழு வடிவத்தில் 1568இல் உறுதியானது. அதன் முற்பாதி லூக்காவின் வரிகள், பிற்பாதியில் எபேசு சங்கத்தின் பட்டம்.

கரவாஜ்ஜோ இந்தக் காலத்தவர். ரோமில் புனித அகுஸ்தீனார் ஆலயத்தில் அவர் தீட்டிய லொரேத்தோ மாதா, வாசல் நிலையில் சாய்ந்து வெறுங்காலோடு நிற்கும் ஓர் இளந்தாய். முன்னால் முழந்தாளிட்டிருக்கும் இரண்டு ஏழைத் திருப்பயணிகளில் ஒருவரின் அழுக்கேறிய பாதங்கள் பார்ப்பவருக்கு நேரே நீண்டிருக்கின்றன. நடந்தே வேளாங்கண்ணி போகிறவர்களின் பாதங்களைக் கண்டவர்களுக்கு இந்த ஓவியத்தை விளக்க வேண்டியதில்லை.

ஐரோப்பாவுக்கு வெளியே மாதா அந்தந்த ஊர்க்காரர் ஆனார். மெக்சிகோவின் குவாதலூப்பே மாதா 1531இல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்குக் காட்சி தந்ததாக மரபு. மாநிற முகம், கூப்பிய கைகள், இடுப்புக்கு மேலே கர்ப்பத்தைக் காட்டும் கறுப்பு நாடா. குழந்தை கையில் இல்லை, வயிற்றில். 1810இல் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பியவர்கள் இந்தப் படத்தைக் கொடியாக ஏந்தினார்கள்.

லூர்து கதையும் ஏழைகளிடமிருந்தே தொடங்குகிறது. 1858இல் 14 வயது பெர்னதெத், பிரான்சில் ஒரு குகையருகே பதினெட்டு முறை காட்சி கண்டதாகச் சொன்னாள். 1864இல் ஃபாபிஷ் என்ற சிற்பி சுரூபம் செய்தார். கூப்பிய கைகள், கையில் தொங்கும் செபமாலை, நீல இடைக்கச்சை. நம் பங்குகளில் குகை வடிவில் கட்டியிருக்கும் கெபிகளிலெல்லாம் நிற்பது இதே உருவம். பெர்னதெத்துக்கு அதில் திருப்தி இல்லை. தான் கண்டவர் சிறு பெண் போல இளமையாக இருந்தார், சிலை அப்படி இல்லை என்றாள். உலகமே சிலையை ஏற்றுக்கொண்டது. எனக்கு என்னவோ அந்தச் சிறுமி சொன்னதே பெரிதாகத் தோன்றுகிறது.

தமிழ்நாட்டில் இத்தாலியரான வீரமாமுனிவர், விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் நிறுவினார். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவுக்குக் கலம்பகமே பாடினார். பைசாந்தியத்தில் அரசகுலப் பெண்ணாக, மெக்சிகோவில் மாநிறத்தவராக இருந்தவர் இங்கே சேலை உடுத்தியது அந்த நீண்ட வழக்கத்தின் தொடர்ச்சிதான். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதாவுக்குச் சேலை நேர்ந்துகொள்வது இன்றும் நடக்கிறது.

நேரில் பார்க்க விரும்பும் சென்னைக்காரர்கள் பரங்கிமலையில் தொடங்கலாம். அங்குள்ள ஆலயத்தில் மரப்பலகையில் தீட்டிய பழைய மாதா படம் ஒன்று உண்டு. லூக்கா தீட்டி, தோமையார் கொண்டுவந்தது என்ற மரபு அதற்கும் இருக்கிறது. தூத்துக்குடிக்குப் போவதானால் ஆகஸ்ட் 5 கூட்டத்தில் பக்தியை உணரலாம், ஆனால் சுரூபத்தை நிதானமாகப் பார்க்க முடியாது. கைகளைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும் என்றால் திருவிழா முடிந்து ஒரு சாதாரண நாளில் போங்கள்.